தென்னை ஓர் ஏட்டில், பெயர் ஓர் ஏட்டில்

"அடங்கல்ல தென்னை இருக்கு. சிட்டாவுல உங்க பேரு இல்லையே" என்றார் கணக்கெடுக்க வந்தவர். கஜா புயல் அடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்பா சாய்ந்து கிடந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். வந்தவர் கையிலிருந்த தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார் என்று அப்பாவே பிறகு சொன்னார்.

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் அது. மீமிசலில் எங்களுக்கிருந்த தோப்பை அரை இரவில் முடித்துவிட்டுப் போனது. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. எங்கள் தோப்பு இரண்டு துண்டு. மேலத்துண்டுக்குப் பணம் வந்தது. கீழத்துண்டின் பட்டா, என் ஐயாவுக்கு அந்த நிலத்தை விற்றவர் பெயரிலேயே அறுபது வருடமாக இருந்திருக்கிறது. வரியை எங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் அது தோன்றவில்லை.

நான் அப்போது சென்னையில். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு கணக்கையும் சேர்த்து வச்சுப் பார்த்தா முடிஞ்சதுப்பா, இதுக்குப் போயா?" என்றேன். எவ்வளவு சுலபமாக அதைச் சொன்னேன் என்பது ஒன்றரை வருடம் கழித்து, என் சொந்த வேலையில்தான் உறைத்தது.

அடங்கல் கிராமக் கணக்கு எண் 2. சர்வே எண் வரிசையில் போகும். எந்தப் புலத்தில் எந்தப் பசலியில், அதாவது எந்த வருவாய் ஆண்டில், என்ன விளைந்தது என்று சொல்லும். சிட்டா கிராமக் கணக்கு எண் 10(1). அது பட்டா எண் வரிசை. இன்ன ஆளுக்கு எந்தெந்தப் புலம் என்று சொல்லும். ஒன்றில் மண் முன்னால், மற்றதில் ஆள் முன்னால். நிலம் ஒன்றுதான். கேள்வி இரண்டு என்பதால் ஏடும் இரண்டாக இருக்கிறது. மரமும் உரிமையும் சேர்ந்த ஒரு கேள்வி வரும்போது, இரண்டு ஏட்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் சீட்டோடு நடக்க வேண்டியிருக்கிறது.

2020 ஊரடங்கில் இ-பாஸ் வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மொட்டை மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, அதன் கீழ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் லேப்டாப்புமாக அலுவலகம் நடந்தது. ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை. இன்னொரு பக்கம் உப்பளப் பாத்திகள், அவற்றுக்கு அப்பால் அலையே இல்லாத பாக் விரிகுடா. எங்கள் பக்கம் அதைப் பெண்கடல் என்பார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு அந்த உப்புவெளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் திரையில் ஓர் எழுத்து தெரியாது. பெட்ஷீட்டைத் தலைமேல் போர்த்திக்கொண்டு கோட் எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மாடியில் வடகம் காயப்போட வந்த அத்தை என்னைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல, அந்த நாட்களில் அது சின்ன விஷயமா? தெருவே பதறிவிட்டது.

நாங்கள் செய்துகொண்டிருந்தது மருந்துத் தேடல். வீட்டை விட்டு வெளியே போக முடியாத ஒருவர் மருந்தின் பெயரைத் தட்டினால், அது பக்கத்தில் எந்தக் கடையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அடியில் எலாஸ்டிக்சர்ச். அதில் இரண்டு இண்டெக்ஸ் வைத்திருந்தோம். ஒன்றில் மருந்துகள்: வணிகப் பெயர், உள்ளிருக்கும் வேதிப்பொருள், தயாரிப்பாளர், எதற்குத் தருவது. சில லட்சம் பதிவுகள், மாதத்துக்கு ஒருமுறைதான் மாறும். இன்னொன்றில் கடை இருப்பு: இன்ன கடையில் இன்ன மருந்து இத்தனை அட்டை, என்ன விலை. அது பல மடங்கு பெரியது, நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது.

சாதாரணத் தரவுத்தளமாக இருந்தால் ஒரு ஜாயின் போட்டு முடித்திருப்பேன். இரண்டு அட்டவணைகளைப் பொது எண்ணால் இணைத்து ஒரே கேள்வியாகக் கேட்பது 1970-இல் எட்கர் காட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு வளர்ந்த கலை. எஸ்க்யூஎல் படித்த எவருக்கும் அது கைவாகு. தேடுபொறி வேறு குலம். 1999-இல் டக் கட்டிங் எழுதிய லூசீன் என்ற நிரல் அதன் மூலவர். புத்தகத்தின் கடைசியில் இருக்குமே சொல்லடைவு, அதுதான் அதன் உடம்பு முழுவதும். சொல்லைச் சொன்னால் அது வரும் பதிவுகளின் எண்களைத் தரும். மனைவியின் சமையல் குறிப்புகளைத் தேட ஏதாவது செய்யலாமே என்று லூசீன்மேல் வேலையைத் தொடங்கிய ஷே பேனன், 2010-இல் எலாஸ்டிக்சர்ச்சை வெளியிட்டார். அந்தச் சமையல் தேடல் மட்டும் இன்னும் மனைவி கைக்கு வந்து சேரவில்லை என்பது எங்கள் வட்டாரத்து நகைச்சுவை. அவர் செய்த பெரிய காரியம், இண்டெக்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கணினிகளில் பரப்பியது. அந்தத் துண்டுக்கு ஷார்டு என்று பெயர். ஒவ்வொரு ஷார்டும் தன்னிடம் உள்ளதை மட்டும் பார்த்துப் பதில் சொல்கிறது. பக்கத்து ஷார்டை அது கலந்துகொள்வதில்லை. வேகத்தின் ரகசியமும் அதுதான், ஜாயின் வராத காரணமும் அதுதான்.

நான் செய்தது எவரும் முதலில் செய்யக்கூடியது. மருந்து இண்டெக்ஸில் தேடு, எண்களை வாங்கு. அந்த எண்களைக் கொண்டுபோய் இருப்பு இண்டெக்ஸில் தேடு. சோதித்தபோது அருமையாக வேலை செய்தது. வெளியே விட்ட மூன்றாம் நாள் புகார். கடையில் மருந்தைக் கண்ணால் பார்க்கிறார்கள், எங்கள் தேடலில் இல்லை என்று வருகிறது. ஒரு முழு இரவு வலையமைப்பையும் கடைக்காரர்களையும் சந்தேகப்பட்டேன். விடிகாலையில்தான் கண்ணில் பட்டது. எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால் எலாஸ்டிக்சர்ச் பத்துப் பதிவுகளைத்தான் தரும். முதல் தேடலில் பொருந்தியவை நானூறு; என் சீட்டில் ஏறியவை பத்து. பிழை என்னுடையதுதான்.

பத்தை எடுத்துவிட்டுப் பெரிய எண்ணைப் போட்டேன். பத்தாயிரத்துக்கு மேல் ஒரே மூச்சில் தரமாட்டேன் என்றது. சரி, பக்கம் பக்கமாக வாங்கிச் சேர்த்தேன். யாரோ வெறுமனே 'மாத்திரை' என்று தட்டினார்கள். இரண்டாம் தேடலில் ஒரு கேள்விக்குள் 65,536 எண்களுக்கு மேல் அடுக்கக் கூடாது என்பது இயல்பு வரம்பு. அதில் முட்டி நின்றது. வரம்பை உயர்த்த முடியும். உயர்த்தினால் நினைவகம் அழும். இதற்கெல்லாம் மேல் இன்னொரு கோளாறு: முதல் தேடலில் எது அதிகம் பொருந்துகிறது என்று கண்ட வரிசை, இரண்டாம் தேடலுக்குப் போகையில் உதிர்ந்துவிடுகிறது. எண்ணைத்தானே கொண்டுபோகிறோம், மதிப்பெண்ணை அல்லவே.

இதையெல்லாம் மாடியில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கீழே திண்ணையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு அண்ணன் முறை. அறந்தாங்கியில் ஒரு பத்திர எழுத்தரிடம் நாற்பது வருடம் உதவியாளராக இருந்தவர். வில்லங்கம் போட்டுப் பார்ப்பதில் கைதேர்ந்தவர். தோப்பு விஷயமாக அப்பா வரச்சொல்லியிருந்தார். நான் இறங்கி வந்ததும் கேட்டார்:

"ஏன் தம்பி, நீயும் ரிஜிஸ்தர் ஆபீசு வேலையா பாக்குற? இண்டெக்ஸ் ஒன்னு, இண்டெக்ஸ் ரெண்டுன்னு சத்தம் போடுற?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தில் ஒவ்வொரு சார்பதிவகமும் வைக்க வேண்டிய அட்டவணைகள் நான்கு. முதல் அட்டவணை ஆட்களின் பெயர்: எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர். இரண்டாம் அட்டவணை சொத்து: எந்த ஊர், எந்தப் புலம். இரண்டும் 1-ஆம் புத்தகத்தில் படியெடுத்து வைத்திருக்கும் பத்திரங்களையே சுட்டும். கணினியில் கிடைக்கும் வில்லங்கம் ஒரு காலத்துக்கு முன்னால் போகாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, கையால் தேட வேண்டியதுதான்.

"பேரு தெரியும், நிலம் தெரியாதுன்னா ஒன்னாம் இண்டெக்சைப் பிரிக்கணும். அங்கிட்டுக் கெடைச்ச பத்திர நம்பரை சீட்டுல எழுதிக்கணும். பத்திரத்தை எடுத்து தபசில்ல சர்வே நம்பரைப் பாக்கணும். அப்பறம் ரெண்டாம் இண்டெக்சுக்கு வந்து, அந்த நம்பர்ல வேற எவன் கைய வச்சிருக்கான்னு பாக்கணும்."

"ஒரே பேருல நூறு பேரு இருந்தா?"

"சீட்டுல நூறு நம்பரு எழுதிக்கிட்டுப் போய் நின்னா, எந்த கிளார்க்கு எடுத்துத் தருவான்? அப்பன் பேரை வச்சுக் கழிப்பேன், ஊரை வச்சுக் கழிப்பேன். அஞ்சு ஆறுக்குக் கொண்டுவந்துட்டுத்தான் ரெண்டாவதுக்கே போவேன்."

65,536 என்ற எண்ணை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் அப்பா பெட்டியைத் திறந்து ஐயாவின் கிரயப் பத்திரத்தை எடுத்தார். 1957. மஞ்சள் பூத்த முத்திரைத்தாள். மடித்த இடங்களில் நூல்போல் பிரிந்திருந்தது. தஞ்சாவூர் ஜில்லா, அறந்தாங்கி தாலுகா, மீமிசல் கிராமம் என்று தொடங்கியது. மீமிசல் இப்போது இருக்கும் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்ததே 1974-இல்தான். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இழுத்து இழுத்து ராகமாக வாசித்தார். விற்றவர் யார், அவருடைய தகப்பனார் யார், அவருக்கு இந்தச் சொத்து எப்படி வந்தது, அதன் தாய்ப்பத்திரம் எந்த வருடம், எந்த எண், பிறகு நான்கெல்லை. இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் தோப்புக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு.

கேட்டுக்கொண்டே இருந்தவன் ஒரு கட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் இதற்கு டீநார்மலைசேஷன் என்று வாய் நிறையப் பெயர் வைத்திருக்கிறோம். வேறு ஏட்டில் இருக்கும் விவரத்தைத் தேடிப்போக வைக்காமல், எழுதும்போதே உள்ளே படியெடுத்து வைத்துவிடுவது. ஜாயினுக்கான கூலியைப் படிக்கிறவன் தருவதற்குப் பதிலாக எழுதுகிறவன் முன்னமே கொடுத்துவிடுகிறான். பத்திரம் எழுதியவர் அதைத்தான் செய்திருக்கிறார். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் வேறெந்த ஏடும் இல்லாமலே முழுக்கதையும் தெரியும்.

இந்த முறைக்குத் தேடுபொறிக்காரர்கள் சொல்லும் குறை ஒன்றுண்டு. படியெடுத்த விவரம் பழசாகிவிடும், மூலம் மாறினால் படிகளை எல்லாம் திருத்த வேண்டும் என்பார்கள். எலாஸ்டிக்சர்ச்சில் அது லேசான காரியமும் அல்ல. லூசீன் எழுதிய பக்கத்தைத் திருத்தாது. ஒரு பதிவில் ஓர் எண்ணை மாற்றினாலும் பழையதை அடித்துவிட்டு முழுப் பதிவையும் புதிதாக எழுதும். மருந்தின் விவரம் அத்தனையும் இருப்புப் பதிவுக்குள் திணித்துவிட்டு, நிமிடத்துக்கொருமுறை அட்டை எண்ணிக்கையை மாற்றினால், ஒவ்வொரு முறையும் அந்த மூட்டை முழுவதையும் தூக்கி இறக்க வேண்டும்.

பெரியப்பாவிடம் கேட்டேன். "மேக்கே இருந்தவர் செத்து அம்பது வருசமாச்சு. அவரு பேரு இன்னும் இதுல இருக்கே, தப்பில்லையா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "எழுதுன அன்னைக்கு யாரு இருந்தாங்களோ அதைத்தான்யா எழுதணும். இன்னைக்கு இருக்கிறவன் பேரைப் போட்டுத் திருத்துனா அதுக்குப் பேரு பத்திரமா? ஃபோர்ஜரி."

அன்று இரவு மாடியில் உட்கார்ந்து எங்கள் பதிவுகளின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரே ஒரு கேள்வியை எழுதிப் பார்த்தேன்: இது அன்றைக்குள்ளதா, இன்றைக்குள்ளதா? மருந்து வாங்கியவரின் ரசீதுச் சீட்டில் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், விலை எல்லாம் அன்றைக்குள்ளவை. நாளை விலை ஏறினாலும் சீட்டில் ஏறக் கூடாது. அதனால் அங்கே படியெடுத்துவிடலாம், பழசாவதே அதன் நேர்மை. கடையில் எத்தனை அட்டை இருக்கிறது என்பது இன்றைக்குள்ளது. அதைப் படியெடுத்தால் பொய். அதைத் தேடித்தான் போக வேண்டும். இதுவரை இந்தச் சிக்கலை நான் வேகம், நினைவகம் என்றே யோசித்து வந்திருந்தேன். காலத்தைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை.

குழுவில் ஒருவர் பேரன்ட்-சைல்டு முறையைப் பார்க்கலாம் என்றார். மருந்து தாய், ஒவ்வொரு கடையின் இருப்பும் பிள்ளை. ஆனால் தாயும் பிள்ளையும் ஒரே இண்டெக்ஸில், அதுவும் ஒரே ஷார்டில் இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. பாராசிட்டமால் விற்காத கடை ஏது? அந்த ஒரு தாயின் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே ஷார்டில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, பக்கத்து ஷார்டு காலியாகத் தூங்கும். என்ரிச் என்ற வசதியும் 2019 டிசம்பரில் வந்த 7.5 பதிப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தது. பதிவு உள்ளே வரும்போதே வேறொரு இண்டெக்ஸிலிருந்து விவரத்தை எடுத்து ஒட்டிவிடும். பத்திர எழுத்தரின் வேலையேதான். மூலம் மாறினால் தானாகத் தெரியாது, மறுபடி ஓட்ட வேண்டும். வாங்கியவரின் சீட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

இருப்புக்கு மட்டும் பெரியப்பா வழிக்குத் திரும்பினேன். தட்டுகிறவருக்கு முதலில் மருந்துகளை மட்டும் காட்டு. அவரே ஒன்றைத் தொடட்டும். தொட்ட பிறகு அந்த ஓர் எண்ணோடு இருப்பு இண்டெக்ஸுக்குப் போ. சீட்டில் ஒரே எண். ஒரு திரை கூடுதலாகிறது என்று வடிவமைப்பாளர் முகம் சுளித்தார். ஆனால் எந்த மருந்து தனக்கு வேண்டும் என்பது தேடுகிறவருக்குத்தானே தெரியும்? ஜாயினை அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். புகார் நின்றது.

தோப்பு விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. பத்திரத்தில் இருந்தது பழைய சர்வே எண். எண்பதுகளில் யுடிஆர் என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது எண்களும் உட்பிரிவுகளும் மாறிப்போயின. பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று சொல்லும் ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த துபாஷி மாதிரி. ஐயாவின் பெயர் வேறு ஒரு பத்திரத்தில் சேர்வை என்ற பட்டத்தோடு இருந்தது, இன்னொன்றில் அது இல்லாமல் தகப்பன் பெயரோடு இருந்தது. இருவரும் ஒருவரே என்று எந்தக் கணினியும் துணிந்து சொல்லாது. எங்கள் ஊர்ப் பெயரையே மீமிசல், மிமிசல், மீமீசல் என்று மூன்று விதமாக எழுதியவர்கள் உண்டு. பெரியப்பா கையெழுத்தைப் பார்த்தார், சாட்சி போட்டவர்களைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஆளுதான். அதே சாட்சி, அதே ரேகை" என்றார்.

பசலி 1430 பிறந்த ஜூலை மாதத்தில் ஒரு காலை, நாங்கள் மூவரும் முகக்கவசம் மாட்டிக்கொண்டு கீழத்துண்டுக்குப் போனோம். புயலில் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகள் கறையான் பிடித்துக் கிடந்தன. நடுவில் புது நாற்றுகள் இடுப்புயரம். பெரியப்பா பத்திரத்தின் நகலைப் பிடித்துக்கொண்டு எல்லை எல்லையாகச் சொல்ல, அப்பா நடந்து காட்டினார். வாய்க்கால் தூர்ந்து பள்ளமாக இருந்தது. வண்டிப்பாதையைக் காணவே காணோம், கருவேல முள். அப்பா குனிந்து முள்ளை விலக்கி, வரிசையாக நின்ற மூன்று பனைகளைக் காட்டினார். பாதையின் ஓரத்தில் நின்ற பனைகளாம் அவை. மேற்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பையனிடம் பெரியப்பா பத்திரத்தில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டார். "எங்க பூட்டன் பேருல்ல அது" என்றான் அவன். பெரியப்பா அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

பட்டா அப்பா பெயருக்கு மாறி வந்தபோது புயல் நிவாரணத்தின் கெடு எப்போதோ முடிந்திருந்தது. இப்போது சிட்டாவும் அடங்கலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன என்று அப்பா சில நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

2025-இல் எலாஸ்டிக்சர்ச்சிலேயே லுக்கப் ஜாயின் என்று ஒன்று வந்தது. ஓர் இண்டெக்ஸில் தேடிக்கொண்டே மற்றொன்றிலிருந்து விவரத்தைப் பக்கத்தில் சேர்த்துக் காட்டும் கட்டளை. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது காது மந்தம். இரண்டு முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப சீட்டு வேணாங்குறே?"

"வேணாம் பெரியப்பா. அதுவே போய்ப் பார்த்துக்கும்."

வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அந்த ரெண்டாவது ஏடு எத்தனை வால்யூம் இருக்கலாம்?"

லுக்கப் இண்டெக்ஸுக்கு ஒரே ஒரு ஷார்டுதான் அனுமதி. "ஒன்னே ஒன்னுதான்" என்றேன்.

"அப்ப அது சின்ன ஆபீசுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, துப்புவதற்காகத் திண்ணையை விட்டு எழுந்தார்.